காலியாகும் தலைமை: துனீசிய அரசமைப்பில் ‘ஷுகூர்’ விதிகள்

அரபு மொழியில் ‘ஷகர’ என்றொரு வினை உண்டு. மக்கள் நீங்கி, காப்பாரும் கட்டுப்படுத்துவாரும் இன்றிக் கிடக்கும் நிலத்தைக் குறிக்கப் பண்டை அகராதியாளர்கள் இச்சொல்லை எடுத்தாண்டுள்ளனர். பகைவர் வந்தால் தடுத்து நிறுத்த ஆளில்லாத ஊர் ‘பல்தா ஷாகிரா’ எனப்பட்டது. துனீசிய நாட்டின் அரசமைப்புச் சட்டத்தில் குடியரசுத் தலைவர் பதவி வெறுமையாவதைச் சுட்டும் ‘ஷுகூர்’ என்னும் கலைச்சொல் இவ்வேரிலிருந்து பிறந்ததே. ‘காலியிடம்’ என்று நாம் தமிழில் எழுதும்போது, அலுவலகத்தில் நிரப்பப்படாத ஒரு நாற்காலி நினைவுக்கு வருகிறது. அரபுச் சொல்லுக்குள்ளோ காவலற்ற ஊரின் அச்சம் மறைந்திருக்கிறது. இக்கட்டுரையின் பொருளுக்கு அந்த அச்சமே பொருத்தமான தொடக்கமாகும்.

தலைவர் இறக்கலாம், பதவி விலகலாம், நோயினால் செயலற்றுப் போகலாம், நாட்டை விட்டே ஓடிவிடலாம். இவற்றுள் எது நேர்ந்தாலும் அரசமைப்புச் சட்டம் மூன்று வினாக்களுக்கு விடை வைத்திருக்க வேண்டும். பதவி காலியாயிற்று என்று அறிவிப்பவர் யார்? அடுத்தவர் தேர்ந்தெடுக்கப்படும் வரை அங்கே அமர்பவர் யார்? அவர் எழுந்து செல்ல வேண்டிய நாள் எது? இரண்டாம் வினாவே மக்கள் மனத்தில் பெரிதாக நிற்கிறது. ஆனால் துனீசியாவின் வரலாறு முதல் வினாவே அடிப்படையானது என்பதைக் காட்டுகிறது. 1987, 2011, 2019 ஆகிய மூன்று ஆண்டுகளில் அந்நாட்டின் ஷுகூர் விதி சோதனைக்குள்ளானது. ஒவ்வொரு சோதனையும் ஒரு பாடத்தை விட்டுச் சென்றது.

முன்னோர் வகுத்த நெறி

இவ்வினாக்கள் நம் மரபுக்குப் புதியன அல்ல. ஹிஜ்ரி 23ஆம் ஆண்டின் இறுதியில் (கி.பி. 644) கலீஃபா உமர் (ரலி) அவர்கள் கத்தியால் குத்தப்பட்டுப் படுக்கையில் கிடந்தபோது, தமக்குப்பின் வருபவரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஆறு நபித்தோழர்களிடம் ஒப்படைத்தார்கள்; அதற்கு மூன்று நாள் கெடுவும் விதித்தார்கள். அந்த மூன்று நாளும் மக்களுக்குத் தொழுகை நடத்தும் பொறுப்பு அந்த அறுவரில் எவருக்கும் அளிக்கப்படவில்லை. ஸுஹைப் (ரலி) அவர்களிடம் அது கொடுக்கப்பட்டது. தம் மகன் அப்துல்லாஹ் (ரலி) ஆலோசனையில் கலந்துகொள்ளலாம், ஆனால் பதவியில் அவருக்குப் பங்கில்லை என்றும் உமர் (ரலி) கூறிவிட்டார்கள். இடைக்காலத்தில் முன்னிற்பவர் போட்டியாளராக இருத்தல் கூடாது, இடைக்காலத்துக்கு எல்லை உண்டு என்னும் இரு நெறிகள் இந்த ஏற்பாட்டில் தெளிவாகத் தெரிகின்றன.

ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) மறைந்த இமாம் அல்-மாவர்தீ தம் ‘அல்-அஹ்காமுஸ் சுல்தானிய்யா’ என்னும் நூலில் தலைவரின் இயலாமையைப் பகுத்து ஆராய்கிறார். மயக்கம் போல் வந்து நீங்கும் அறிவிழப்பு தலைமையைப் பறிக்காது; நீங்காத பைத்தியமோ பதவியை முறிக்கும். பகைவரிடம் சிறைப்பட்ட தலைவர், மீட்சிக்கு நம்பிக்கை இருக்கும் வரை தலைவரே. நம்பிக்கை அற்றுப்போனால் வேறொருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்றைய சட்ட மொழியில் தற்காலிக ஷுகூர், இறுதி ஷுகூர் என்று பிரிக்கப்படுவதன் கரு இதுவே. ஆனால் நம்பிக்கை அற்றுப்போயிற்று என்று எந்த அவை கூடி, எந்த முறைப்படி முடிவு செய்யும் என்பதற்கு நிலையான ஓர் அமைப்பை அந்த நூல் வகுத்துத் தரவில்லை. தற்கால அரசமைப்புகளும் தடுமாறுவது அந்த இடத்தில்தான்.

1987: வாரிசே சாட்சியானபோது

துனீசியா 1956இல் விடுதலை பெற்றது. 1957 ஜூலை 25 அன்று குடியரசாயிற்று. 1959 ஜூன் முதல் நாள் அதன் முதல் அரசமைப்புச் சட்டம் வெளியாயிற்று. முதல் குடியரசுத் தலைவர் ஹபீப் பூர்கீபா 1975இல் ஆயுள் காலத் தலைவராக்கப்பட்டார். ஆயுள் முழுவதும் ஒருவரே தலைவர் என்றால் அவருக்குப்பின் யார் என்பதையும் சொல்லியாக வேண்டும் அல்லவா? 1976ஆம் ஆண்டுத் திருத்தம் அதைச் சொன்னது. மரணம், பதவி விலகல், முழு இயலாமை ஆகியவற்றால் பதவி காலியானால், பிரதமர் உடனடியாகத் தலைவராவார். நடப்பு நாடாளுமன்றத்தின் எஞ்சிய காலம் முழுவதும் அப்பதவியில் இருப்பார் என்பதே 57ஆம் பிரிவின் அன்றைய வாசகத்தின் பொருள். தேர்தல் வேண்டியதில்லை. முழு இயலாமையைத் தீர்மானிப்பவர் யார் என்பது பற்றி அப்பிரிவு வாய் திறக்கவில்லை.

1987 அக்டோபர் 2 அன்று ஸைனுல் ஆபிதீன் பின் அலீ பிரதமரானார். ஐந்து வாரங்களே கடந்தன. நவம்பர் 7 அதிகாலையில் வானொலியில் அவர் குரல் ஒலித்தது. ஏழு மருத்துவர்கள் கையெழுத்திட்ட சான்றிதழ் ஒன்றின்படி தலைவர் பூர்கீபா கடமையாற்றும் திறனை முற்றிலும் இழந்துவிட்டார். ஆகவே 57ஆம் பிரிவின்படி தாமே தலைமையை ஏற்பதாக அவர் அறிவித்தார். அம்மருத்துவர்களுள் சிலர் நோயாளியை நேரில் பார்க்காமலேயே கையெழுத்திட்டதாகப் பின்னாளில் கூறப்பட்டது. பூர்கீபா அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து 2000 ஏப்ரலில்தான் மறைந்தார்.

முதுமையால் அவர் தளர்ந்திருந்தது உண்மை. ஆயுள் தலைமையால் நாடு தேங்கிக் கிடந்ததும் உண்மை. எனினும் நடந்ததைச் சட்டக் கண்கொண்டு நோக்கினால், பதவி காலியாயிற்று என்று சாட்சி கூறியவரும், அதைத் தீர்ப்பாக்கியவரும், அதன் பயனைப் பெற்றவரும் ஒருவரே. ஷரீஅத் நீதிமன்றத்தில் தன் வழக்கில் தானே சாட்சியும் காழியுமாக இருப்பவரின் கூற்று செல்லாது. துனீசியாவில் அது செல்லுபடியாயிற்று. ஏனெனில் மறுத்துக் கேட்கும் அதிகாரம் பெற்ற அவை எதுவும் அந்தப் பிரிவில் இடம்பெறவில்லை.

1988, 2002: இரு திருத்தங்கள்

தாம் வந்த வழியை மற்றவர்க்கு அடைப்பது ஆட்சியாளர் இயல்பு. 1988 ஜூலை 25ஆம் நாளிட்ட திருத்தம் ஆயுள் தலைமையை ஒழித்தது. பிரதமரிடமிருந்து வாரிசுரிமையைப் பறித்து நாடாளுமன்றத் தலைவருக்கு வழங்கியது. அவர் 45 நாள் முதல் 60 நாள் வரையே இடைக்காலத் தலைவராக இருக்கலாம். பதவி விலகினாலும் அடுத்த தேர்தலில் போட்டியிட முடியாது. பொது வாக்கெடுப்பு நடத்தவோ, அமைச்சரவையை நீக்கவோ, நாடாளுமன்றத்தைக் கலைக்கவோ அவருக்கு அதிகாரமில்லை. ஸுஹைப் (ரலி) அவர்கள் நின்ற இடத்துக்கு ஒப்பான இடம் இது.

2002ஆம் ஆண்டுத் திருத்தம் பின் அலீயின் ஆட்சியை நீட்டிப்பதற்காகவே வந்தது. ஒருவர் எத்தனை முறை தலைவராகலாம் என்றிருந்த வரம்பை அது நீக்கியது. ஆனால் அதே திருத்தத்தில், பதவி காலியானதை அரசமைப்பு மன்றம் கூடித் தன் உறுப்பினர்களின் அறுதிப் பெரும்பான்மையால் உறுதிசெய்ய வேண்டும் என்னும் ஏற்பாடும் இடம்பெற்றது. முதல் வினாவுக்குச் சட்டம் கொடுத்த முதல் தெளிவான விடை இது.

2011: ஓர் இரவின் இரு பிரிவுகள்

2011 ஜனவரி 14 அன்று மக்கள் எழுச்சியைத் தாங்க இயலாமல் பின் அலீ சவூதி அரேபியாவுக்குப் பறந்தார். அன்று மாலை பிரதமர் முஹம்மது அல்-கன்னூஷி தொலைக்காட்சியில் தோன்றினார். (அந்நஹ்ழா இயக்கத் தலைவர் ராஷித் அல்-கன்னூஷி வேறு, இவர் வேறு.) தலைவர் தற்காலிகமாகக் கடமையாற்ற இயலாத நிலையில் இருப்பதால் 56ஆம் பிரிவின்படி அவருடைய அதிகாரங்களைத் தாம் ஏற்பதாக அறிவித்தார்.

மக்கள் அதை உடனே ஐயுற்றனர். அந்த ஐயம் நியாயமானதே. 56ஆம் பிரிவு தற்காலிகத் தடைக்கு உரியது. தலைவர் ஆணை பிறப்பித்துத் தம் அதிகாரத்தைப் பிரதமரிடம் ஒப்படைப்பது அதன் முறை. அத்தகைய ஆணை எதுவும் வெளியாகவில்லை. தற்காலிகம் என்றால் தலைவர் திரும்பி வரலாம் என்பது பொருள். வீதியில் நின்ற மக்கள் அஞ்சியதும் அதைத்தான்.

மறுநாளே அரசமைப்பு மன்றம் கூடியது. தலைவர் அதிகாரத்தை ஒப்படைக்காமல் நாட்டைவிட்டு வெளியேறியுள்ளார், பதவி விலகவுமில்லை, அவர் இல்லாமை இன்றைய சூழலில் கடமைகளை நிறைவேற்ற விடாது, ஆகவே இது முழு இயலாமை என்று அது முடிவு செய்தது. 57ஆம் பிரிவின்படி இறுதி ஷுகூர் அறிவிக்கப்பட்டு, நாடாளுமன்றத் தலைவர் ஃபுஆத் மபஸ்ஸா இடைக்காலத் தலைவராக உறுதிமொழி ஏற்றார். ஓர் எண் மாற்றமே நடந்தது. ஆனால் அந்த எண் மாற்றத்தால் பின் அலீ திரும்பி வருவதற்கான சட்ட வாயில் மூடப்பட்டது. அவரே நியமித்த காலத்து அமைப்பு, அவரே கொண்டுவந்த திருத்தத்தைப் பயன்படுத்தி, அவர் பதவி முடிந்துவிட்டது என்று தீர்ப்புக் கூறியது.

மூன்றாம் வினாவுக்கான விடையோ நிலைக்கவில்லை. அறுபது நாள் கெடு மார்ச் நடுவில் முடிவடைந்தது. அதற்குள் தேர்தல் நடத்த இயலவில்லை. பழைய அரசமைப்பையே நிறுத்திவைத்து, புதிய அரசமைப்பை இயற்றும் மன்றத்துக்குத் தேர்தல் நடத்துவதாக மார்ச் 3 அன்று மபஸ்ஸா அறிவித்தார். அத்தேர்தல் அக்டோபர் 23 அன்று நடந்தது. டிசம்பரில் முன்ஸிஃப் அல்-மர்ஸூகி தேர்ந்தெடுக்கப்படும் வரை மபஸ்ஸா பதவியில் நீடித்தார். அதைக் கைப்பற்றிக்கொள்ள அவர் முயலவில்லை என்பது அவருக்குரிய பெருமை.

2014: எழுத்தில் முழுமை

2014 ஜனவரியில் நிறைவேறிய அரசமைப்பு, இந்தப் பட்டறிவுகளை உள்வாங்கியது. அதன் 83, 84ஆம் பிரிவுகள் நிலைகளைத் தனித்தனியே வகைப்படுத்தின. தலைவர் தாமாகவே தம் அதிகாரத்தை முப்பது நாளுக்குப் பிரதமரிடம் ஒப்படைக்கலாம். ஒரு முறை புதுப்பிக்கலாம். ஒப்படைக்கவும் இயலாத நிலையில் அவர் இருந்தால், அரசமைப்பு நீதிமன்றம் உடனே கூடித் தற்காலிக ஷுகூரை அறிவிக்கும். பிரதமர் அவ்விடத்தில் இருப்பார். அது அறுபது நாளைத் தாண்டக் கூடாது. அறுபது நாள் கடந்தாலோ, தலைவர் இறந்தாலோ, எழுத்து மூலம் விலகினாலோ, நிலையான இயலாமை ஏற்பட்டாலோ அதே நீதிமன்றம் இறுதி ஷுகூரை அறிவிக்கும். நாடாளுமன்றத் தலைவர் 45 நாள் முதல் 90 நாள் வரை பொறுப்பேற்பார்.

எழுத்தில் இதைவிட ஒழுங்கான ஏற்பாட்டைக் காண்பது அரிது. ஆனால் ஏற்பாடு முழுவதும் ஒரு தூணின் மேல் நின்றது. அந்தத் தூண் அரசமைப்பு நீதிமன்றம். அதன் பன்னிரண்டு உறுப்பினர்களுள் நால்வரை நாடாளுமன்றமும், நால்வரை உயர் நீதித்துறைப் பேரவையும், நால்வரைக் குடியரசுத் தலைவரும் தெரிவு செய்ய வேண்டும். நாடாளுமன்றம் தெரிவு செய்ய 145 வாக்குகள் தேவை. கட்சிகள் ஒவ்வொன்றும் தனக்கு வேண்டியவரை நுழைக்கவும் மற்றவருக்கு வேண்டியவரைத் தடுக்கவும் முயன்றன. நால்வருள் ஒருவரை மட்டுமே 2018இல் தெரிவு செய்ய முடிந்தது. நீதிமன்றம் அமையவே இல்லை.

2019: தொண்ணூறு நாள்

இந்நிலையில் 2019 ஜூன் 27 அன்று தொண்ணூற்றிரண்டு வயதுத் தலைவர் அல்-பாஜி காயித் அஸ்-ஸிப்ஸி கடும் நோயுற்று இராணுவ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். தலைநகரில் தற்கொலைத் தாக்குதல்கள் நடந்ததும் அதே நாளில்தான். தலைவர் நினைவிழந்தால் தற்காலிக ஷுகூரை அறிவிப்பவர் யார் என்னும் வினா எழுந்தது. அறிவிக்க வேண்டிய நீதிமன்றம் இல்லை. அவர் சில நாள்களில் வீடு திரும்பியதால் அந்த நெருக்கடி தள்ளிப்போயிற்று.

ஜூலை 25 அன்று, குடியரசு நாளில், அவர் காலமானார். சட்ட முன்வரைவுகளை ஆராய்வதற்கென 2014இல் ஏற்படுத்தப்பட்ட தற்காலிக அமைப்பு ஒன்று கூடி, இறுதி ஷுகூரை உறுதிசெய்தது. அதன் அதிகாரம் அவ்வளவு தூரம் நீளுமா என்று சட்ட அறிஞர் வாதிடலாம். ஆனால் அன்று எவரும் தடை எழுப்பி நிற்கவில்லை. நாடாளுமன்றத் தலைவர் முஹம்மது அந்-நாஸிர் அன்றே உறுதிமொழி ஏற்றார். நவம்பர் 17 அன்று நடக்கவிருந்த தேர்தல் செப்டம்பர் 15க்கு முன்கொண்டுவரப்பட்டது. இரண்டாம் சுற்று அக்டோபர் 13 அன்று நடந்தது. கைஸ் ஸஈத் அக்டோபர் 23 அன்று பதவியேற்றார். ஜூலை 25இலிருந்து எண்ணினால் அது சரியாகத் தொண்ணூறாம் நாள்.

உலகம் அதைப் பாராட்டியது. பாராட்டுக்கு உரியதே. ஆயினும் அந்த வெற்றியில் ஒரு தற்செயல் இருந்ததை மறத்தல் கூடாது. மரணம் தனக்குத் தானே சாட்சி. அதை அறிவிக்க ஓர் அமைப்பு தகுதியற்றதாயினும் உண்மை மாறாது. இயலாமையோ அப்படியன்று. அதற்கு மருத்துவரும் வேண்டும், மருத்துவரின் கூற்றை எடைபோடும் நடுநிலையான நீதிபதியும் வேண்டும். அஸ்-ஸிப்ஸி இறவாமல் மாதக்கணக்கில் நினைவிழந்து கிடந்திருந்தால், துனீசியா மீண்டும் 1987ஆம் ஆண்டின் வாசலில் நின்றிருக்கும்.

2022: இல்லாத நாற்காலிக்கு ஒரு வாரிசுரிமை

நீதிமன்றத்தை அமைக்கத் தேவையான வாக்குகளை 145இலிருந்து 131ஆகக் குறைக்கும் திருத்தத்தை நாடாளுமன்றம் 2021இல் நிறைவேற்றியது. அமைப்பதற்கான கெடு கடந்துவிட்டது என்று கூறித் தலைவர் கைஸ் ஸஈத் அதில் கையெழுத்திட மறுத்தார். அவ்வாண்டு ஜூலை 25 அன்று 80ஆம் பிரிவைச் சுட்டிப் பிரதமரை நீக்கி, நாடாளுமன்றத்தை முடக்கினார். 80ஆம் பிரிவைப் பயன்படுத்துமுன் அரசமைப்பு நீதிமன்றத்தின் தலைவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அப்பிரிவே கூறுகிறது. தெரிவிக்க அங்கே எவருமில்லை. 2019இல் உதவிய அந்தத் தற்காலிக அமைப்பும் செப்டம்பரில் கலைக்கப்பட்டது. சரியாக ஓராண்டு கழித்து, 2022 ஜூலை 25 அன்று நடந்த பொது வாக்கெடுப்பின் வழியாகப் புதிய அரசமைப்பு வந்தது.

அதன் 109ஆம் பிரிவு வாரிசுரிமையை நாடாளுமன்றத் தலைவரிடமிருந்து எடுத்து, அரசமைப்பு நீதிமன்றத்தின் தலைவருக்கு அளித்தது. 45 நாள் முதல் 90 நாள் என்னும் எல்லை மாறவில்லை. இடைக்காலத் தலைவர் போட்டியிடக் கூடாது என்பதும் உள்ளது. அரசியல்வாதியைவிட நீதிபதி நடுநிலையானவர் என்னும் எண்ணத்தில் குறை காண்பதற்கில்லை. அந்நீதிமன்றத்தின் ஒன்பது உறுப்பினர்களும் மூன்று உயர் நீதிமன்றங்களின் மூத்த நீதிபதிகளுள்ளிருந்து பணி மூப்பின்படி ஆணை மூலம் நியமிக்கப்பட வேண்டும். வாக்கெடுப்பில்லை, கட்சிப் பேரமில்லை. இருந்தும் அந்த அரசமைப்பு நடைமுறைக்கு வந்து மூன்று ஆண்டுகள் கடந்த 2025இலும் நீதிமன்றம் அமைக்கப்படவில்லை. முன்பு அறிவிப்பவர் மட்டுமே இல்லாதிருந்தார். இப்போது அமர்பவரும் இல்லை. 2023 மார்ச் இறுதியில் தலைவர் சில நாள்கள் பொது நிகழ்ச்சிகளில் காணப்படாதபோது, அவருக்கு ஏதேனும் நேர்ந்தால் அடுத்தவர் யார் என்று எதிர்க்கட்சியினர் கேட்டனர். ஏப்ரல் தொடக்கத்தில் அவர் மீண்டும் தோன்றி வதந்திகளை மறுத்தார். வதந்தி ஓய்ந்தது, வினா ஓயவில்லை.

நம் நாட்டின் முன்னுதாரணம்

நீதிபதியை இடைக்காலத் தலைவராக்கும் ஏற்பாடு இயங்கக் கூடியதே என்பதற்கு இந்தியாவில் சான்றுண்டு. 1969 மே 3 அன்று குடியரசுத் தலைவர் ஜாகிர் ஹுசைன் பதவியிலிருக்கும்போதே காலமானார். துணைத் தலைவர் வி.வி. கிரி பொறுப்பேற்றார். துணைத் தலைவரும் இல்லாமற்போனால் என்ன செய்வது என்பதை அரசமைப்பு நேரடியாகக் கூறாமல், ஏற்பாடு செய்யும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்கு விட்டிருந்தது. நாடாளுமன்றம் அம்மாதமே சட்டம் இயற்றித் தலைமை நீதிபதியை அந்த இடத்தில் குறித்தது. ஜூலை 20 அன்று கிரி தேர்தலில் போட்டியிடுவதற்காக விலகினார். தலைமை நீதிபதி முஹம்மது ஹிதாயத்துல்லாஹ் அன்றே பொறுப்பேற்று ஆகஸ்ட் 24 வரை நாட்டின் தலைவராகக் கடமையாற்றினார். பின்னர் நீதிமன்றத்துக்குத் திரும்பினார். இந்திய விதியும் 2022ஆம் ஆண்டுத் துனீசிய விதியும் ஏறத்தாழ ஒன்றே. இங்கே அந்த நீதிபதி இருந்தார் என்பதே வேறுபாடு.

நிறைவாக

சட்ட வாசகத்தைச் செம்மை செய்வதில் துனீசிய மக்கள் குறை வைத்தாரில்லை. ஒவ்வொரு திருத்தமும் முந்திய காயத்துக்கு மருந்தாக வந்தது. ஆனால் காலியிட விதி என்பது பிறருக்காக இன்று செய்துவைக்கும் ஏற்பாடு. அதை நிறைவேற்றும் அவையை அமைக்கும் அதிகாரம், அந்த அவையால் ஒருநாள் ‘உம் காலம் முடிந்தது’ என்று சொல்லப்படக் கூடியவர்களின் கையில்தான் இருக்கிறது. ஆகவேதான் அது தள்ளிப்போடப்படுகிறது. கட்சிகள் தள்ளிப்போட்டன, பின்னர் தலைவரும் தள்ளிப்போட்டார். இழப்பு இரு சாராருக்கும் பொதுவானது.

தலைமை ஓர் அமானிதம் என்று நாம் நம்புகிறோம். அமானிதத்தைப் பெற்றுக்கொண்டவர், தமக்குப்பின் அது யாரிடம், எவ்வாறு சேர வேண்டும் என்பதற்கு வழி செய்துவைப்பதும் அந்த அமானிதத்தின் ஒரு பகுதியே. குத்துக்காயத்தோடு படுக்கையில் கிடந்த உமர் (ரலி) அவர்கள் தம் இறுதி நாள்களை அதற்கே செலவிட்டார்கள். உடல்நலத்தோடு ஆட்சியில் இருப்பவர்களுக்கு அதற்கான நேரம் நிரம்ப உண்டு. அல்லாஹ் மிக அறிந்தவன்.